மாகாணியிற் காணி போனால்

"மாகாணியிலே காணி போனால் மிச்சம் என்ன?"

சென்ற வெள்ளாமை வெட்டின்போது, களத்தடியிலிருந்து எம் அப்பப்பா எம்மை நோக்கி விடுத்த வினா இது. மிஷன் பாடசாலையிற் கணிதம் கற்றுப் பல்கலைக்கழகமும் புகுந்துள்ள நாம் கடதாசி தேடினோம். 1/16 இலிருந்து 1/80 கழிய வேண்டும். பகுதிகள் வேறு, பொது மடங்குகளுட் சிறியது 80, ஆகவே 5/80 இல் 1/80 போக 4/80, சுருக்கினால் 1/20. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அப்பப்பா சிரித்தார். "மா. விடை பேரிலேயே கிடக்கு தம்பி!"

உண்மைதான். மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி. மா 1/20, காணி 1/80. இதனையே வீசம் என்றும் வழங்குவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியைப் பாடி மனனம் செய்தபோது பகுதி, தொகுதி என்ற பேச்சே எழவில்லை. கீழ்வாயிலக்கத்தின் அடிப்படை முந்திரி, அது 1/320. ஒன்றில் 320 முந்திரி, காலில் 80, அரைக்காலில் 40, வீசத்தில் 20, மாவில் 16, காணியில் 4. பொதுப் பகுதியைத் தேட வேண்டியதே இல்லை. முன்னோர் அதனை முன்னமே தேடி வைத்துவிட்டனர்.

ஒரு வயலை நினைத்துக்கொள்வோம். மூத்தவனுக்கு அரை, தங்கைக்குக் கால், கோயிலுக்கு ஒரு மா. எஞ்சியது கடைசிப் பிள்ளைக்கு. 160, 80, 16 ஆகியவற்றைக் கூட்டினால் 256 முந்திரி. 320 இல் மிச்சம் 64. அதாவது நாலுமா, ஐந்திலொரு பங்கு. ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அதிலே ஒரு மா தவறினாலும் ஏக்கரில் மூன்றிலொன்று கைமாறிவிடும். வரம்புச் சண்டையில் உறவு முறிந்த குடும்பங்களை அறிந்த நம்மூராருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கழித்தலை அரசாங்க வேலையாகவே செய்தோர் சோழர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் (985–1014) விட்ட ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுக்களில், முதலில் ஊரின் மொத்த நிலம் வரும். பின்னர் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்கள் நீக்கப்படும். மிஞ்சியதே இறை கட்டும் நிலம். மாவும் காணியும் முந்திரியும் அவற்றின் கீழ்ப் பின்னங்களும் அக்கணக்கில் நிறைந்துள்ளன. வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை அக்காலத்தில் நிலம் கணக்கிடப்பட்டதென வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். 320 ஐ நான்கு முறை வைத்துப் பெருக்கி, மேலும் ஐந்தாற் பெருக்கினால் அவ்வெண் அப்படியே வருகின்றது. நாமே பெருக்கிப் பார்த்தோம். அவ்வளவு சிறு துண்டில் ஒரு நெல்மணியும் முளைக்காது என்பது வேறு விஷயம்!

மொத்தம், நீக்கம், மிச்சம் என மூன்றும் கல்லில் இருப்பதால் ஒரு பெரும் பயன் உண்டு. ஒன்று சிதைந்தாலும் மற்ற இரண்டையும் கொண்டு அதனை மீட்டுவிடலாம். அக்கோயிலுக்கு விடப்பட்ட ஈழத்து ஊர்களைச் சொல்லும் கல்வெட்டில் கொட்டியாரம் என்ற பெயரும் உண்டு. நமது கொட்டியாரக் குடாவை அண்டிய நாடு அதுவே என ஆய்வாளர் கொள்வர். நமக்கு அயலிலுள்ள கந்தளாயும் அந்நாளில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஆதலால் இக்கணக்கு நமக்கு அயலூர்க் கணக்கன்று.

பாடசாலை முறையை நாம் இகழவில்லை. மூன்றிலொன்றையோ ஏழிலொன்றையோ முந்திரியில் மிச்சமின்றிச் சொல்ல இயலாது. 320 அவற்றால் வகுபடாதே! பொதுப் பகுதி காணும் முறையோ எப்பின்னத்துக்கும் பொருந்தும். அப்பப்பாவிடம் இதனைச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "மூன்றாகப் பங்கு வைத்தால் மிச்சத்தைக் கோயிலுக்குப் போடுவம்" என்றார்.

அவருடைய வாய்ப்பாட்டை இவ்வாண்டு தைமாதம் முதல் ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். கீழ்முந்திரி வரை, அதாவது 1,02,400 இல் ஒன்று வரை, வந்துவிட்டோம். அதற்கப்பால் அவருக்கும் நினைவில்லை.