ஆங்கில நிபந்தனைத் தொடரில் இறந்தகால வடிவம்: வரலாறும் கற்பித்தலும்

ஆங்கில நிபந்தனைத் தொடர்கள் மாணவர்க்கு முதல்வகை, இரண்டாம்வகை, மூன்றாம்வகை என எண்ணிட்டுக் கற்பிக்கப்படுகின்றன. வாய்பாட்டை மனனம் செய்த மாணவரும் ‘இஃப் ஹீ கேம் டுமாரோ’ என்னும் தொடரில் நாளைய செயலுக்கு இறந்தகால வினை வருவதேன் என்று வினவுவதுண்டு. அதற்கான விடை வாய்பாட்டில் இல்லை. ஆங்கில மொழி வரலாற்றில் உள்ளது.

ஏறத்தாழ 1100க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில், மெய்யல்லாத நிபந்தனையைக் கூறுவதற்கு ‘சப்ஜங்டிவ்’ எனப்படும் கருதல்நிலை வினையின் இறந்தகால வடிவம் ஆளப்பட்டது. இன்று நிகழாததையும் அன்று நிகழாததையும் அவ்வொரு வடிவமே சுட்டியது. இடைக்கால ஆங்கிலத்தில் விகுதிகளின் உயிரொலிகள் மழுங்கவே, அவ்வடிவம் சாதாரண இறந்தகாலத்தோடு ஒன்றாகிவிட்டது. ‘இஃப் ஐ வேர்’ என்பதில் மட்டுமே அதன் எச்சம் தனித்து நிற்கிறது. கடந்தகாலத்தில் நிகழாததைப் பிரித்துக் கூற ‘ஹேட்’ என்னும் துணைவினை பின்னர் நிலைபெற்றது. ஆகவே இரண்டாம், மூன்றாம் வகைகள் வெவ்வேறு காலத்தில் படிந்த அடுக்குகளாகும். அவற்றின் இறந்தகால வடிவம் காலத் தொலைவை அன்றி மெய்ம்மையினின்று விலகிய தொலைவையே உணர்த்துகிறது.

இலக்கண நூல்கள் இதனை ஒரே வகையில் விளக்கவில்லை. 1795இல் இலிண்ட்லி மரே இலத்தீன் மரபையொட்டி வினைக்கு ஐந்து நோக்குகள் வகுத்தார். ‘வுட்’, ‘குட்’ போன்ற துணைவினைகள் ஆற்றல் நோக்கிலும் ‘இஃப்’ தொடர்கள் கருதல் நோக்கிலும் அடங்கியதால், ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள் இரு வேறிடங்களில் விளக்கம் பெற்றன. 1924இல் ஓட்டோ எஸ்பெர்சன் காலம் சுட்டாத காலவடிவங்களைத் தனியே ஆராய்ந்து தெளிவு தந்தார். எனினும் தாம்சன், மார்ட்டினெட் ஆகியோரின் நூல் போன்ற பயிற்சி நூல்களின் வழியே பரவியது மூவகை எண்முறைதான். அது பயிற்சிக்கு எளிது. ஆனால் காரணத்தை மறைத்துவிடுகிறது.

தமிழ் மாணவர்க்கு இக்காரணம் புதிதன்று. தொல்காப்பியம் ‘செயின்’ என்பதை வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாகக் கூறும். நன்னூல் அதனை எதிர்காலத்திற்கு உரியதாக்கும். இன்றைய வழக்கிலுள்ள ‘செய்தால்’ என்பதோ இறந்தகால அடியின்மீது ‘ஆல்’ சேர்ந்து அமைந்தது. ‘நாளை மழை பெய்தால்’ என்பதில் இறந்தகாலப் பொருள் எவருக்கும் தோன்றுவதில்லை. கற்பித்தலை இங்கிருந்து தொடங்கலாம்.

வேறுபாடு இதற்கு அப்பால் உள்ளது. ‘அவன் இங்கிருந்தால் உதவுவான்’ என்பது, அவன் இருக்கக்கூடும் என்னும் கருத்துக்கும் அவன் இல்லை என்னும் கருத்துக்கும் பொதுவாகும். ஆங்கிலம் இவ்விரண்டையும் வினைவடிவத்தாலேயே பிரிக்கும். ‘வந்திருந்தால்’ என்பதும் தன்னளவில் நிகழாமையைக் காட்டாது. ‘வந்திருந்தால் அழைத்து வா’ என்பதில் வருகை ஐயத்திற்குரியது. ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்பதில் அது நிகழாதது. தமிழில் இதனைத் தீர்மானிப்பது முடிக்கும் வினையே. எச்சத்தை மட்டும் நோக்கிப் பெயர்ப்பவர், மூலத்தில் இல்லையென்று கூறப்பட்டதை இருக்கக்கூடியதாக மாற்றிவிட நேரும். ஒப்பந்தத்திலோ சாட்சியத்திலோ அது பொருளையே புரட்டிவிடும். எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் அறுதியிட வேண்டியது தொடரின் வகையெண்ணை அன்று. கூறுபவர் நிபந்தனையை நிகழக்கூடியதாகக் கருதுகிறாரா, நிகழாததாகக் கருதுகிறாரா என்பதையே.