தானாகப் பாய்ந்த கார்: ஆடி 5000-இன் கதை

நிற்கும் காரில் ஒருவர் ஏறுகிறார். எஞ்சினைக் கிளப்பி, கியரை 'பார்க்' நிலையிலிருந்து 'ரிவர்ஸ்' நிலைக்கு மாற்றுகிறார். அவ்வளவுதான்! கார் சீறிப் பாய்ந்து பின்னால் இருப்பதில் போய் மோதுகிறது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்கிறார் ஓட்டியவர்.

1980-களில் அமெரிக்காவில் இப்படி நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. அவற்றில் அதிகம் அடிபட்ட பெயர் ஆடி 5000. (நம் ஆடி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது ஜெர்மனியின் ஆடி நிறுவனம் தயாரித்த குடும்பக் கார்.)

1986 நவம்பர் 23 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இதைக் கையில் எடுத்தது. தன் ஆறு வயது மகனை இந்தக் காரால் இழந்த ஒரு தாய் அதில் பேசினார். யாரும் மிதிக்காமலே ஆக்சிலரேட்டர் பெடல் கீழே இறங்கும் காட்சியும் வந்தது. உண்மையில் அந்தக் காரின் கியர் பெட்டியில் துளை போட்டு, வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்துத்தான் பெடலை இறங்க வைத்திருந்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் மனதில் பதிந்தது தானாக இறங்கிய பெடல் மட்டும்தான்.

ஆடி நிறுவனமோ தவறு ஓட்டுநர்களுடையது என்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்லும் பதிலா இது? மக்கள் கொதித்துப் போனார்கள். 1985-ல் அமெரிக்காவில் சுமார் 74,000 கார்களை விற்ற நிறுவனம், 1991-ல் விற்றது சுமார் 12,000 மட்டுமே. 5000 என்ற பெயரையே கைவிட வேண்டி வந்தது.

1989-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வறிக்கை வெளியானது. எஞ்சின் முழு வேகத்தில் இழுத்தாலும், நிற்கும் காரைப் பிரேக் பிடித்து நிறுத்திவிடும் என்று சோதனையில் தெரிந்தது. அப்படியானால் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே நொடியில் பழுதாகி, மோதியபின் தடயமே இல்லாமல் சரியாகியிருக்க வேண்டும். நம்பக்கூடியதா? பெரும்பாலான விபத்துகளில் ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறது என்பதே முடிவு. கனடா, ஜப்பான் நாடுகளின் ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொன்னன.

அதற்காக ஓட்டுநர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. கால் எங்கே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மூளை 'பிரேக்' என்று கட்டளையிட்டிருக்கும், கால் சில அங்குலம் தள்ளி விழுந்திருக்கும். கார் பாய்ந்ததும் பதற்றம். இன்னும் அழுத்தி மிதிப்பார்கள், இன்னும் வேகம் கூடும். பிரேக்கைத்தான் மிதித்தோம் என்று அவர்கள் மனமார நம்பினார்கள். ரிச்சர்ட் ஷ்மிட் என்ற உளவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

காருக்கும் இதில் பங்கு இருந்தது. அதன் பெடல்களின் அமைப்பு அமெரிக்கர்களுக்குப் பழகிய கார்களிலிருந்து மாறுபட்டது. சில வண்டிகளில் ஐடிலிங் வேகத்தைச் சீராக்கும் கருவி பழுதாகி, எஞ்சின் திடீரென்று கொஞ்சம் உறுமும். அந்தச் சின்ன உலுக்கலே ஓட்டுநரைத் திடுக்கிட வைத்துக் காலைத் தடுமாற வைக்கப் போதுமானது.

தீர்வு எளிமையாக இருந்தது. 1987-ல் ஆடி சுமார் 2,50,000 கார்களைத் திரும்ப அழைத்து ஒரு பூட்டைப் பொருத்தத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பார்க்'கை விட்டு நகரும். புகார்கள் குறைந்தன. மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. 2010 செப்டம்பருக்குப் பிறகு தயாரான ஆட்டோமேட்டிக் கார்களில் இந்தப் பூட்டு இருந்தே ஆகவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.