நுட்டெல்லா: ஒரு கூத்துப் பாவையின் பெயர் போன வழி

ஃபெரேரோ என்ற குடும்பப் பெயருக்கும் இனிப்புக்கும் எந்த உறவும் இல்லை. லத்தீனில் 'ஃபெர்ரும்' என்றால் இரும்பு. 'ஃபெர்ராரியுஸ்' இரும்பு வேலை செய்பவன். ஃபெராரி, ஃபெராரோ, ஃபெரேரோ என்று இத்தாலியெங்கும் சிதறிக் கிடக்கும் பெயர்கள் எல்லாம் அந்தக் கொல்லன் உலையிலிருந்து கிளம்பியவையே. கார் செய்த குடும்பத்துக்கு அப்பெயர் பொருந்திப் போயிற்று. வட இத்தாலியில், பியமோந்தே மாநிலத்து ஆல்பா என்ற சிற்றூரில் மிட்டாய்க்கடை வைத்த குடும்பம், தன் சரக்குக்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலைப் பின்தொடர்ந்தால் அந்த நிறுவனம் வளர்ந்த கதை முழுவதும் கிடைத்துவிடுகிறது.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பெயர் அவர்களுடையது அல்ல, ஊருக்கே பொதுவானது. ஜாந்தூயா என்பவன் பியமோந்தே மக்களின் கூத்துப் பாத்திரம். நம் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன் வந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்வதுபோல, அங்கே பாவைக்கூத்திலும் கார்னிவல் ஊர்வலத்திலும் இவன் வந்தால்தான் களைகட்டும். நல்ல மனசுக்காரன், உழவன், மதுப்பிரியன், முக்கோணத் தொப்பிக்காரன். பியமோந்தே வட்டார மொழியில் 'ஜுவான் த்லா தூயா' என்றால் மதுக்குடத்தோடு திரியும் ஜுவான். வேகமாகச் சொல்லிச் சொல்லி அது ஜாந்தூயா ஆயிற்று என்பது பரவலான விளக்கம். அந்தப் பாவைக்கு முன்பு ஜெரோலமோ என்று பெயர் இருந்ததாம். நெப்போலியனின் தம்பி பெயரும் அதுவே என்பதால், ஆள்வோரைக் கேலி செய்ததாகிவிடும் என்று அஞ்சிப் பெயரை மாற்றினார்கள் என்று சொல்வார்கள்.

ஒரு பாவையின் பெயர் சாக்லேட்டுக்கு எப்படி வந்தது? நெப்போலியன் பிரிட்டனோடு வணிகத்தைத் தடைசெய்தபோது கொக்கோ அரிதாகிவிட்டது. அதனால் டூரின் நகரத்துச் சாக்லேட்காரர்கள் பக்கத்து லாங்கே குன்றுகளில் விளையும் ஹேசல்நட் கொட்டையை அரைத்துக் கலந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் சிலர் அதை ஐயுறுகிறார்கள். அதைவிட உறுதியாக நிற்பது பிந்தைய செய்தி: 1865 கார்னிவலில் காஃபரேல் நிறுவனம் கொட்டைக்கூழ் கலந்த சிறு சாக்லேட்டுகளைக் கொண்டுவந்தது. ஜாந்தூயா வேடமிட்டவர் அவற்றைக் கூட்டத்துக்குக் கொடுத்தார். கவிழ்த்த படகு வடிவில் இருந்த அந்தச் சாக்லேட்டுக்கு ஜாந்தூயோத்தோ என்று பெயர். கொட்டையும் கொக்கோவும் கலந்த விழுதுக்கே பிறகு ஜாந்தூயா என்பது பொதுப்பெயராகிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கொக்கோவுக்கு மறுபடி தட்டுப்பாடு. லாங்கே குன்றுகளின் நடுவில்தான் ஆல்பா இருக்கிறது, கொட்டைக்குப் பஞ்சமில்லை. 1946இல் அங்கே பியெத்ரோ ஃபெரேரோ தொடங்கிய நிறுவனத்தின் முதல் பெரிய சரக்கு 'ஜாந்தூயோத்'. ரொட்டிபோல் கட்டியாக, தாளில் சுற்றி வரும். கத்தியால் சீவி ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தின்ன வேண்டும். பெயரைக் கேட்டதும் பியமோந்தேக்காரருக்கு எல்லாம் புரிந்துவிடும், விளம்பரமே தேவையில்லை. அந்தப் பெயரின் பலமும் எல்லையும் அதுதான். நேப்பிள்ஸுக்கோ சிசிலிக்கோ போனால் ஜாந்தூயா வேற்றூர்க்காரன்.

பியெத்ரோ 1949இல் இறந்தார். அவர் மனைவி பியேரா, தம்பி ஜொவான்னி, மகன் மிக்கேலே மூவரும் தொழிலைத் தாங்கிப் பிடித்தார்கள். கட்டி இளகி, 1951இல் கரண்டியால் எடுத்துத் தடவும் பதத்துக்கு வந்தது. பெயர் 'சூப்பர்கிரேமா'. பாவை போய்விட்டது, அந்த இடத்தில் பெருமைச்சொல் வந்து உட்கார்ந்தது. ஆனால் 1960களின் தொடக்கத்தில், பொருள்களின் பெயரில் 'சூப்பர்' போன்ற மிகைச்சொற்களைப் போடுவதை இத்தாலியச் சட்டம் கட்டுப்படுத்தியது. மிக்கேலேயும் அதற்குள் ஜெர்மனியில் ஆலை வைத்து, ஐரோப்பாவையே சந்தையாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார். எல்லா நாட்டாரும் தடுமாறாமல் சொல்லக்கூடிய பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. 1964 ஏப்ரல் 20 அன்று ஆல்பா ஆலையிலிருந்து முதல் நுட்டெல்லா பாட்டில் வெளியேறியது.

இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். முன்பாதி 'நட்', கொட்டை என்னும் ஆங்கிலச் சொல். பின்பாதி 'எல்லா' இத்தாலிய விகுதி. சிறுமையையும் செல்லத்தையும் காட்டும் பெண்பால் விகுதி அது. மொத்ஸரெல்லாவில் இருப்பதும் அதுவே. மிட்டாய்க்கு இத்தாலியர் சொல்லும் 'காரமெல்லா'வும் அதே ஓசையில் முடிவதால் காதுக்குள் இனிப்பு தானாகவே இறங்குகிறது. ஹேசல்நட்டுக்கு இத்தாலியில் 'நொச்சோலா' என்று பெயர், லத்தீன் 'நுக்ஸ்' வழி வந்தது. ஆங்கில 'நட்'டும் லத்தீன் 'நுக்ஸ்'ஸும் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்த கிளைகள் என்று மொழியியலாளர் கருதுகிறார்கள். மிக்கேலே கடன் வாங்கியதாகத் தோன்றினாலும் சொல் ஒன்றுவிட்ட உறவுக்குள்ளேயேதான் சுற்றியிருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் பலர் 'நட்டெல்லா' என்பார்கள், இத்தாலியர் 'நுத்தெல்லா' என்பார்கள். ஜெர்மானியர், இச்சொல் ஆண்பாலா பெண்பாலா அஃறிணையா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். இத்தாலியர் மனத்தில் அந்த ஐயமே எழாது. விகுதியின் வேலை சொந்த மொழிக்குள்தான் செல்லுபடியாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த வீட்டின் மற்றப் பெயர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்தான். மோன் ஷெரி பிரெஞ்சு, என் கண்ணே என்று கூப்பிடுகிறது. கிண்டர் ஜெர்மன் மொழியில் குழந்தைகள். நம்மூர்ப் பெட்டிக்கடையில் பிள்ளைகள் அடம்பிடிக்கும் கிண்டர் ஜாயின் பாதிப் பெயர் அது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் இந்தக் குடும்பத்துக்கு ஆலை இருக்கிறது. டிக் டாக் என்பது மிட்டாய்ப் பெட்டியின் ஓசையிலிருந்து வந்த ஒலிக்குறிப்பு. 1982இல் வந்த ஃபெரேரோ ரோஷேயில்தான் கொல்லன் பெயர் பாறையோடு சேர்ந்தது: 'ரோஷே' பிரெஞ்சில் பாறை. ஆழ்ந்த கத்தோலிக்கரான மிக்கேலே, லூர்து அன்னை காட்சி தந்த மஸபியேல் பாறையை எண்ணி அப்பெயரை வைத்தார் என்பார்கள். தங்கத்தாளைப் பிரித்தால் கரடுமுரடான உருண்டை. வடிவத்துக்கும் பக்திக்கும் ஒரே சொல் போதுமானதாயிற்று.

பெயர் சொல்வதையும் பொருள் தருவதையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நுட்டெல்லா என்பது கொட்டையின் பெயர். ஆனால் பாட்டிலில் ஹேசல்நட் 13 விழுக்காடுதான். பட்டியலில் முதலில் நிற்பது சர்க்கரை, அடுத்தது பாமாயில். பெயரைக் கேட்டுக் கொட்டையைத் தின்கிறோம் என்று நினைத்துப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடாகத் தருவோர் இந்த வரிசையைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதே சமயம் அந்தப் 13 விழுக்காட்டுக்கே உலகச் சந்தை அசைகிறது. துருக்கியில்தான் உலகின் ஹேசல்நட்டில் பெரும்பகுதி விளைகிறது. 2014இல் அந்நாட்டின் ஓல்தான் என்ற பெரிய கொட்டை வணிக நிறுவனத்தையே ஃபெரேரோ வாங்கியது. 2018இல் நெஸ்லேயின் அமெரிக்க மிட்டாய்த் தொழிலை 280 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவுக்கும் பங்குச்சந்தைக்குப் போகாத குடும்பச் சொத்தாகவே இருக்கிறது. மிக்கேலே 2015இல் மறைந்தார், அவர் மகன் ஜொவான்னி இன்று தலைவர்.

அந்த 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் ஒரு வழக்கு செய்தியானது. பிரான்ஸில் ஒரு தம்பதி தங்கள் பெண் குழந்தைக்கு நுட்டெல்லா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை கேலிக்கு ஆளாகும் என்று நீதிமன்றம் மறுத்து, 'எல்லா' என்ற பெயரைத் தந்தது. கொட்டையை நீக்கி விகுதியை மட்டும் விட்டுவைத்த தீர்ப்பு.

ஃபெரேரோ கைவிட்டுப்போன பெயரோ டூரினில் அப்படியே இருக்கிறது. ஜாந்தூயோத்தோவுக்குப் புவிசார் குறியீடு வேண்டும் என்று அவ்வூர்ச் சாக்லேட் கைவினைஞர்கள் முயன்றார்கள். கொட்டை, கொக்கோ, சர்க்கரை தவிர வேறெதுவும் கூடாது என்பது அவர்கள் பக்கம். காஃபரேலை 1990களில் வாங்கிய சுவிஸ் நிறுவனமான லிண்ட், பால்பவுடருக்கும் இடம் வேண்டும் என்றது.