கல்லில் எழுதிய குடிக்கணக்கு

தம் குலத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் மேலைநாடுகளில் முதற்கண் நாடுவது மக்கள் தொகைக் கணக்கேயாகும். இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டுக் கணக்கு முதலாக, வீடுதோறும் வாழ்ந்தோரின் பெயரும் வயதும் தொழிலும் எழுதிவைக்கப்பெற்றன. நூறாண்டு கழிந்தபின் அவ்வேடுகள் யாவரும் காணத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் அவ்வாறு வெளிவந்தன.

நம் நாட்டு நிலை வேறு. சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டில் பொதுக் கணக்கு எடுக்கப்பெற்றது. 1881இல் நாடு முழுதும் ஒருங்கே எண்ணும் முறை வந்தது. ஆயினும், 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தனியொருவரைப் பற்றிய குறிப்பைப் பிறர் பார்வையிட இடந்தருவதில்லை. ஊரில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை அறியலாம். அவருள் நம் பாட்டனார் யார் என்பதை அறிய இயலாது. அங்ஙனமாயின் முன்னோர் பெயரை எங்கே தேடுவது? அதற்கு விடை கூறி நிற்பன நம் திருக்கோயில்களே.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் மதிற்சுவரில் முதலாம் இராசராச சோழனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1014ஐ ஒட்டிய அச்சாசனம், பல தளிகளினின்றும் அழைத்துவந்து குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குறிப்பது. தெரு இன்னது, அதன் சிறகு இன்னது, எத்தனையாம் வீடு, அவ்வீட்டாளின் பெயர் யாது, அவள் எக்கோயிலினின்று வந்தவள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே அது கூறுகின்றது. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் முதலிய ஊர்களின் கோயில்கள் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த நெல் நூற்றுக் கலம். நட்டுவர், பாடுவோர், உடுக்கை வாசிப்போர், விளக்கிடுவோர், குடம் வனைவோர், ஆடை வெளுப்போர், தையற்காரர், தச்சர் ஆகியோரும் அக்கணக்கில் உளர். பெருவேந்தனின் பெயர் நின்ற கல்லிலேயே விளக்கிட்டவர்க்கும் வண்ணார்க்கும் இடம் இருந்தது என்பது நினைந்து போற்றற்குரியது.

குடிவழியையும் அவ்வேந்தன் மறந்தானில்லை. பங்கு பெற்றோர் இறப்பினும், வேற்றூர் செல்லினும், அவர்தம் நெருங்கிய உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். உறவினர்க்குத் தகுதி இல்லையேல் தக்காரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும் என்று அச்சாசனம் விதிக்கின்றது. திருப்பணியும் குடும்பமும் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்த முறை இதனால் விளங்கும்.

இக்காலக் கணக்கெடுப்பும் கோயிலை விட்டு விலகி நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, சென்னை மாநிலத்துத் திருக்கோயில்களைப் பற்றியும் திருவிழாக்களைப் பற்றியும் தனி நூல்கள் தொகுக்கப்பெற்றன. வேற்றூரிலும் கடல் கடந்தும் வாழ்ந்து, குலதெய்வத்தின் ஊர்ப்பெயரை மட்டும் செவிவழியாகக் காத்துவரும் குடும்பங்கட்கு அவை பெருந்துணையாவன. ஆட்பெயரை மறைக்கும் கணக்கு, ஊரையும் தெய்வத்தையும் மறைப்பதில்லை. ஊர் தெரியின், அவ்வூர்க் கோயிற் கல்வெட்டையும் முதியோர் நினைவையும் கொண்டு மேலே ஆராயலாம்.

ஆனால் கல்லும் அழியக்கூடியதே. சுண்ணாம்புப் பூச்சில் மறைந்தனவும், உடைந்து படிக்கல்லாய்ப் போனவையும் பல. எழுத்துள்ள கல்லொன்று சிதையின், ஒரு குடியின் நினைவே சிதைகின்றது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். பிறர் செய்த அறத்தைத் தம் அறத்தினும் பெரிதாக மதித்த அவ்வம்மையாரின் நெறியே திருப்பணி செய்வோர் யாவர்க்கும் வழிகாட்டி.

குடமுழுக்கு வேளையில் பொருளுதவும் அன்பர்கள், தம் பெயரோடு பெற்றோர் பெயரையும் பிறந்த ஊரையும் ஆண்டையும் பொறித்து வைப்பாராயின், அது தற்பெருமை ஆகாது. பிற்காலத்தில் தன் வேரைத் தேடிவரும் பேரனுக்கு அக்கல்லே விடை கூறும். பழைய எழுத்தைக் காத்தலும், புதிய எழுத்தைச் செம்மையாகப் பொறித்தலும் இறைபணியின் பாற்பட்டனவே. அதற்குத் திருவருள் துணை நிற்பதாக.