பற்சக்கரத்தின் கணக்கு

மலைமேலுள்ள ஊர்களுக்குச் செல்லும் பாதையைப் பார்த்திருப்பீர்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு அது நேர்கோடாகச் செல்வதில்லை. வளைந்து வளைந்து ஏறுகிறது. அதனால் தூரம் கூடுகிறது. ஆயினும் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் ஏறவேண்டிய உயரம் குறைகிறது. நேரே ஏற வலிமை போதாதவன், கூடுதல் தூரத்தை விலையாகக் கொடுத்து உச்சியை அடைகிறான். பற்சக்கரங்களின் விகிதம் என்பதும் இத்தகைய பண்டமாற்றே. அதன் இயல்பை மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதை, நாம் நாள்தோறும் காணும் சைக்கிளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1860-களில் பாரிஸ் நகரில் பியேர் மிஷோ என்பவரின் பட்டறையிலிருந்து, மிதிகட்டை பொருத்திய இருசக்கர வண்டிகள் வெளிவந்தன. அவ்வண்டிகளில் மிதிகட்டை முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். சக்கரம் சிறிதாயின், எவ்வளவு விரைந்து மிதித்தாலும் வண்டி மெல்லவே நகரும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதே அன்று எளிதாகத் தோன்றிய வழி.

அந்த வழியில்தான் அடுத்த பத்தாண்டுக் காலம் சென்றது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி முதலிய கைவினைஞர்கள் முன் சக்கரத்தைப் பெருக்கிக்கொண்டே போயினர். அதன் விட்டம் 50 அங்குலம், 55 அங்குலம், சில வண்டிகளில் 60 அங்குலம் என வளர்ந்தது. பின் சக்கரமோ சிறுத்தது. பெரிய நாணயமும் சிறிய நாணயமும் அருகருகே நிற்பது போன்ற அதன் தோற்றத்தைக் கண்டவர்கள், பிற்காலத்தில் அதற்குப் பென்னி ஃபார்திங் என்று பெயரிட்டனர்.

இந்த வளர்ச்சிக்கு ஓர் எல்லை இருந்தது. அது இரும்பின் எல்லையன்று. மனிதனுடைய காலின் நீளம். மிதிகட்டை கீழே செல்லும்போது கால் எட்டவேண்டுமல்லவா? நெடிய காலுடையவன் பெரிய சக்கரத்தில் ஏறி விரைந்தான். குட்டையானவன் எவ்வளவு வலிமை பெற்றிருந்தாலும் சிறிய சக்கரத்தோடு நின்றான்.

அதைவிடப் பெரிய குறை, அதிலிருந்த அபாயம். ஓட்டுபவன் ஏறக்குறைய முன் அச்சுக்கு நேர் மேலே, ஆள் உயரத்தில் அமர்ந்திருந்தான். வழியில் ஒரு கல் இடறிச் சக்கரம் நின்றால், வண்டி முழுவதும் அச்சைச் சுற்றிப் புரண்டு அவனைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். எலும்பு முறிந்தோர் பலர், உயிரிழந்தோரும் உண்டு. எனினும் துணிந்தவர்கள் அதிலேயே அரிய செயல் புரிந்தனர். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 50 அங்குலச் சக்கரத்தின் மேல் ஏறி 1884 முதல் 1886 வரை உலகை வலம் வந்தார். அன்றைய இந்தியாவில் லாகூரிலிருந்து கல்கத்தா வரையுள்ள பெருஞ்சாலை வழியாகவும் சென்றார். ஆனால் முதியோருக்கும், நீண்ட பாவாடை அணிந்த அக்காலத்து மேனாட்டுப் பெண்களுக்கும் அவ்வண்டியில் ஏறுவது அரிதாகவே இருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது சங்கிலி. 1879-இல் லாசன் என்ற ஆங்கிலேயர், சங்கிலியால் பின் சக்கரத்தை இயக்கும் வண்டியொன்றை அமைத்தார். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உறுதியான உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்னும் பாதுகாப்புச் சைக்கிளை வெளியிட்டார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுவே.

அதன் கணக்கு மிக எளியது. மிதிகட்டையோடு சேர்ந்த பற்சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரத்தின் அச்சில் உள்ள சிறு பற்சக்கரத்தை நம் சைக்கிள் கடைக்காரர் 'பிரீவீல்' என்பார்; அதில் 20 பற்கள். கால் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் விட்டம் 28 அங்குலமானால், அது 56 அங்குல நெடுஞ்சக்கரம் கடக்கும் தூரத்தையே கடக்கும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் செல்லலாம். காலின் நீளத்தால் நிர்ணயிக்கப்பட்ட வேகத்தை இனிப் பல்லின் எண்ணிக்கை நிர்ணயித்தது. ஓட்டுபவனோ தரைக்கு அருகில் அச்சமின்றி அமர்ந்தான். நெடுஞ்சக்கரம் மறைந்த பின்னும் அதன் அளவு மறையவில்லை. ஆங்கில நாட்டார் சைக்கிளின் விகிதத்தை இன்றும் அங்குலக் கணக்கில் குறிப்பிடுவதுண்டு.

ஆனால் ஒரே விகிதம் எல்லா வழிக்கும் ஏற்குமா? சாதாரண மனிதன் நெடுநேரம் சோர்வின்றித் தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறனே. மேட்டில் ஏறும்போது விகிதத்தைப் பாதியாகக் குறைத்தால், காலில் தரவேண்டிய விசையும் பாதியாகும். ஆனால் மிதிக்கும் சுற்றுகள் இரட்டிக்கும். செய்யவேண்டிய மொத்த வேலை சிறிதும் குறைவதில்லை. அதனைத் தவணையாகச் செலுத்த முடிகிறது, அவ்வளவே.

இந்த உண்மையைப் பலர் ஒப்பவில்லை. பிரான்சில் பால் தெ விவி என்ற பத்திரிகையாசிரியர், பல விகிதங்கள் கொண்ட சைக்கிளுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடினார். 1903-இல் பிரான்சைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சோ, வெற்றி தசைவலிமைக்கே உரியது, பொறியின் உதவிக்கன்று எனக் கருதினார். 1910-இல் பந்தயம் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயின் மேல் ஏறியது. முன்னணி வீரர்கள் விகிதத்தை மாற்றவேண்டுமாயின், இறங்கிச் சக்கரத்தைக் கழற்றி, மறுபுறமுள்ள பற்சக்கரத்தில் சங்கிலி பொருந்துமாறு திருப்பி மாட்டவேண்டியிருந்தது. ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவி அவர்களுக்கு 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்கருவியுடன் ஓட்டிய ரோஜே லப்பேபி வெற்றி பெற்றார். பந்தயத்தின் பெருமை அதனால் குன்றவில்லை. மலையின் உயரமும் குறையவில்லை.

மோட்டார் வண்டிக்கும் இதுவே நீதி. பெட்ரோல் எஞ்சின் மெல்லச் சுழலும்போது இழுக்கும் வலிமை அதற்குப் போதாது. ஆகவே புறப்படும்போதும் மேடேறும்போதும் எஞ்சின் பல சுற்றுச் சுற்ற, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி ஓட்டுநர் முதல் கியரைப் பொருத்துகிறார். சமவெளியில் மேல் கியருக்கு மாறுகிறார். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே வன்மையாக இழுக்கவல்லது. ஆதலால் இன்றைய மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றிற்கு ஒரே விகிதம் போதுமாகிறது. ஆயினும் அந்த ஒரு விகிதத்தையும் பொறியாளர் கணக்கிட்டே வகுக்கிறார்.

பற்சக்கரம் வலிமையைப் படைப்பதில்லை; உள்ள வலிமையை உரிய வேலைக்கு இசைவிக்கிறது. நெடிய காலுடைய சில வாலிபருக்கே உரியதாயிருந்த வேகம், பற்களை எண்ணி அமைத்த ஒரு சிறு சக்கரத்தால் எல்லோருக்கும் பொதுவாயிற்று. மாலையில் வீடு திரும்பியதும் உங்கள் சைக்கிளை நிறுத்தி அதன் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். அந்தச் சிறு எண்ணுக்குள் ஒரு நூற்றாண்டின் உழைப்பு அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.