வஜாக் கணக்கும் பயனாளிப் பட்டியலும்

சென்னை மாகாணத்து ரயத்வாரி முறையில் பயிர் பொய்த்த உழவருக்கு அரசு தந்த வழக்கமான சலுகை, தீர்வையில் கழிவு. அதற்கு வஜா என்று பெயர். சாவியாய்ப் போன நஞ்சையை ஊர்க் கணக்கரான கர்ணம் கணக்கில் குறிப்பார். ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் அதிகாரி அதைச் சரிபார்த்து, பட்டாதாரர் கட்டவேண்டியதை முடிவுசெய்வார். கர்ணத்தின் பேனாவுக்கு ஊரே அஞ்சிய காலம் அது. நேர்மையான ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கழிவு புல எண்ணோடு கிராமக் கணக்கில் ஏறியது. பக்கத்து வயல்காரர் அதை அறிய வழியிருந்தது. உழவர் அரசுக்குக் கடன்பட்டவராக இருந்தவரை கணக்கு ஊர்நடுவே பேசப்பட்டது. அரசு கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் அது அலுவலகத்துக்குள் போனது என்பதே என் வாதம்.

1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் ஸ்ட்ரேச்சி தலைமையிலான ஆணையம் பஞ்ச விதித்தொகுப்புகளுக்கு வழிவகுத்தது. 1884-இன் சட்டம் உழவருக்கு அரசு தரும் தக்காவிக் கடனை முறைப்படுத்தியது. நேரடித் தொகை நிலைபெற்றது வெகு பின்னால்தான்: ஒன்பதாவது நிதி ஆணையத்தின் பரிந்துரையால் 1990-இல் பேரிடர் நிவாரண நிதியம், 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பிறகு மாநிலப் பேரிடர் நிதி. தரும் பணத்துக்கு இழப்பீடு என்று பெயரில்லை, இடுபொருள் மானியம். இழப்பை அரசு ஈடுசெய்வதில்லை, விதைக்கும் உரத்துக்கும் கைகொடுக்கிறது என்பது அதன் பொருள். தகுதிக்கான சேத அளவு 2015-இல் 50 விழுக்காட்டிலிருந்து 33 ஆகக் குறைந்தது. 2017 வறட்சியில் தமிழ்நாட்டு நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். நிவர், புரெவி புயல்களுக்குப் பின் 2021 ஜனவரியில் மாநில அரசு நெல்லுக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் என உயர்த்தி, இரண்டு எக்டேர் வரம்பையும் நீக்கியது. வரம்பு போனால் நிலம் கூடக்கூடத் தொகையும் கூடும். பயனாளிப் பட்டியலைப் பார்க்கும் தேவையும் கூடும்.

இதில் அடிபடுபவர் குத்தகைக்காரர். பயிர்ச் சேதத்தை கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண் அலுவலரும் கணக்கெடுக்கிறார்கள். கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் ஏறாவிட்டால் பணம் பட்டாதாரர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்தும் காவிரி டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை ஓயவில்லை.

பட்டியலைக் கேட்கும் உரிமை கிடைத்தது ராஜஸ்தானின் வறண்ட ஊர்களால். கூலி முழுதாகக் கைக்கு வராதவர்களைத் திரட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் பொதுப்பணிகளின் கூலிப் பட்டியலான மஸ்டர் ரோலை ஊர்முன் வாசித்தது. அந்த இயக்கத்தின் வழியில் வந்த 2005 தகவல் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்களில் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது: பிரிவு 4(1)(ஆ). சொல்லி இருபதாண்டு கடந்தும், மனுப் போடாமல் பட்டியல் கண்ணில் படுவது அரிது. அது திறந்திருந்தால் என்ன பயன் என்பவர்கள், 2020-இல் தமிழ்நாட்டில் பிரதமர் கிசான் திட்டத்தில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். அது பேரிடர் நிதியன்று. ஆனாலும் பட்டியல் ஊர்முன் வாசிக்கப்பட்டிருந்தால் அத்தனை பேர் நுழைந்திருப்பது கடினம்.

2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஞ)-வைத் திருத்தி, தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்றாக்கியது. பொதுநலன் பெரிதெனில் தரலாம் என்னும் 8(2) மிஞ்சியிருக்கிறது. தான் உழுத வயலுக்கு யார் பணம் வாங்கினார் என்று கேட்கும் குத்தகைக்காரர், அது பொதுநலன் என்று மேல்முறையீட்டில் வாதாட வேண்டும்.