கணினித் திரையின் கோலமும் துறையும்

கோலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் அழகு, வடிவம், ஒப்பனை, வாசலில் இடும் மாக்கோலம் எனப் பல பொருள்கள் உண்டு. கணினித் திரையின் நிறம், சாளரங்களின் விளிம்பு, சின்னங்களின் வடிவம் ஆகியவற்றை ஒருசேர மாற்றும் தொகுப்பை ‘தீம்’ என்பர். மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனைக் ‘கருப்பொருள்’ என்றனர். கரு உள்ளே இருப்பது. இதுவோ புறத்தே தோன்றுவது. ஆகவே கோலம் என்பதே பொருந்தும். அடிக்கடி வேண்டும் செயலிகளின் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டைக்கு ‘டாக்’ என்று பெயர். கப்பல் வந்தணையும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். கடாரம் என்று கெடாவை அறிந்திருந்த தமிழர்க்குத் துறை என்னும் சொல் புதிதன்று.

லினக்ஸ் கணினிகளில் இக்கோலமும் துறையும் வளர்ந்த வரலாற்றினூடே ஒரு வழக்கு நெடுகிலும் நடந்து வந்திருக்கிறது. கருவியின் முகத்தை அமைக்கும் உரிமை அதைச் செய்தவர்க்கா, கையாள்பவர்க்கா என்பதே அவ்வழக்கு.

வித்திட்டவர்கள்

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘எக்ஸ்’ என்னும் சாளர முறை தோன்றிற்று. திரையில் வரைவதற்கு வேண்டிய வழியை மட்டும் அது வகுத்தது. சாளரத்தின் விளிம்பு எப்படி இருத்தல் வேண்டும், பொத்தான் எங்கு நிற்றல் வேண்டும் என்பவற்றைச் ‘சாளர மேலாளர்’ என்னும் வேறொரு நிரலுக்கு விட்டுவிட்டது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபின் எக்ஸ் முறையும் அதனோடு சேர்ந்தது. ஒரே வகைக் கணினியை வைத்திருந்த இருவர் இரு வேறு முகங்களைக் காண முடிந்தது இதனாலேயே.

துறைக்கு மூலம் வேறு. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு நீங்கித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம் 1988இல் ஒரு கணினியை அறிமுகம் செய்தது. அதன் திரையின் வலப்புறத்தில் சதுரச் சின்னங்கள் மேலிருந்து கீழாக நின்றன. விலை மிகுந்த அக்கணினி பரவவில்லை. அதன் முகம் பரவிற்று. 1990களில் ஆஃப்டர்ஸ்டெப், விண்டோ மேக்கர் என்னும் சாளர மேலாளர்கள் அம்முகத்தை லினக்ஸுக்குக் கொணர்ந்தன. நெக்ஸ்டை வாங்கிய ஆப்பிள், 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸில் துறையைத் திரையின் அடியில் நிறுத்தியது. பின்னர் லினக்ஸில் கெய்ரோ-டாக், டாக்கி, பிளாங்க் எனத் துறைகள் பல எழுந்தன.

1996இல் ஜெர்மானியரான மத்தியாஸ் எட்ரிச், ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாய்த் தோன்றுவதைக் கண்டு சலித்து, கேடிஇ என்னும் பணித்திட்டத்தைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த ‘க்யூட்டி’ நூலகத்தின் உரிமம் அப்போது முழு விடுதலை தருவதாக இல்லை. அக்குறையை நீக்கவே 1997இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் பெதெரிகோ மெனாவும் க்னோம் என்னும் மற்றொன்றைத் தொடங்கினர். அழகைவிட உரிமை பெரிது என்று கருதியவர்கள் இருந்தமையால் எழுந்த இயக்கம் அது.

தமிழ் முகம்

நிறத்தை மாற்றுவது எளிது. மொழியை மாற்றுவது அரிது. மலேசியத் தமிழர் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். முத்து நெடுமாறன் 1985லேயே கணினிக்கு ‘முரசு’ எழுத்து முறையை ஆக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2000க்குப் பின் வந்த ஆண்டுகளில் சென்னையின் ‘ழ கணினி’ குழுவினர் உள்ளிட்ட தன்னார்வலர்கள் லினக்ஸ் திரையின் சொற்களைத் தமிழாக்கினர்.

தமிழ் எழுத்தின் இயல்பு வேறொரு தடையாயிற்று. ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின் எண்ணப்படும் கொம்பு, திரையில் அதற்கு முன்னே நிற்றல் வேண்டும். ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்றல் வேண்டும். 2002இல் வந்த க்னோம் 2, ‘பாங்கோ’ என்னும் எழுத்தடுக்கு நூலகத்தைக் கைக்கொண்டபின் இவ்வொழுங்கு திரை முழுதும் கிட்டுவதற்கு வழி பிறந்தது. அதன் பின்னரும் கோலம் செய்வோர் தமிழை எண்ணாதபோது இடர் நேர்ந்தது. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு வெட்டிய பொத்தானில் ‘அமைப்புகள்’ அடங்காது. வரியின் உயரம் குறைந்தால் ‘கூ’, ‘ளூ’ ஆகியவற்றின் வளைவுகள் வெட்டுண்ணும்.

வழக்கு முற்றியது

2011இல் க்னோம் 3 வெளிவந்தது. அதன் இயல்பான கோலத்துக்கு ‘அத்வைதா’ என்று பெயர். வடமொழியில் இரண்டன்மை என்பது பொருள். அதே ஆண்டில் உபுண்டு, துறையை இடப்புறம் வைத்த ‘யூனிட்டி’ முகத்தைத் தன் பயனர் அனைவர்க்கும் இயல்பாக்கியது. பலர் முணுமுணுத்தனர். 2017இல் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. ஆயினும் இடப்புறத் துறை நிலைத்தது.

2019இல் செயலி எழுதுவோர் சிலர், தங்கள் செயலிகளுக்கு வேற்றுக் கோலம் பூச வேண்டாமென்று திறந்த மடல் வெளியிட்டனர். வெளியார் கோலம் பூசினால் எழுத்து மங்குகிறது, சின்னத்தின் பொருள் மாறுகிறது, குறை கூறும் பயனரோ செயலியை எழுதியவரிடமே வருகிறார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. வெட்டுண்ட தமிழெழுத்தைக் கண்டவர் அதை மறுக்கமாட்டார். 2021இன் இறுதியில் வந்த ‘லிப்அத்வைதா’ நூலகம் பழைய கோலங்களுக்குப் பெரும்பாலும் கதவை அடைத்தது. எனினும் மக்கள் விருப்பத்தை முற்றும் தள்ள இயலவில்லை. 2024 செப்டம்பரில் க்னோம் 47, சிறப்பு நிறத்தைப் பயனரே தேர்ந்துகொள்ள இடம் தந்தது.

கெடாவில் இதன் பொருள்

தோட்டத்து லயத்தை அறிந்தவர்க்கு இவ்வழக்கு எளிதில் விளங்கும். லயத்து வீடுகள் யாவும் ஒரே அச்சு. குடியிருந்தவர் வாசலில் கோலமிட்டனர். மஞ்சளும் துளசியும் நட்டனர். வீடோ தோட்டத்துக்கு உரியது; வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, கோலமிட்ட வாசலை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. முகத்தை மாற்றும் உரிமையும் வீட்டின் மீதுள்ள உரிமையும் வெவ்வேறு.

கூலிமில் 1996இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்டெல் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் எழுந்தன. கருவியின் உடலைச் செய்யும் வேலை கெடாவுக்கு வந்தது. முகத்தை அமைக்கும் முடிவு வேறெங்கோ நடந்தது. 2013இல் மலேசியப் பள்ளிகளுக்குக் கூகுளின் குரோம்புக் கணினிகள் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அவற்றின் அடித்தளமும் லினக்ஸே. திரையின் அடியில் துறையும் உண்டு. ஆனால் நிர்வாகி விரும்பினால் மாணவர் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாதபடி பூட்டலாம். இளஞ்சிறார் கணினிக்கு ஓரளவு காவல் வேண்டும் என்பது உண்மையே. அதுவே முழுப் பாடமாகிவிட்டால், கருவி என்றும் பிறருடையது என்னும் எண்ணம் பிள்ளை மனத்தில் வேரூன்றும்.

மாற்றுவழி செலவுடையதன்று. 1996இல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைமுகம் பழைய கணினிகளிலும் ஓடும். பிளாங்க் துறையை அதில் எப்பக்கமும் நிறுத்தலாம். க்னோமும் எக்ஸ்எஃப்சிஇயும் பயன்படுத்தும் ஜிடிகே நூலகத்தின் மூன்றாம் பதிப்பு முதல், கோலம் என்பது இணையப் பக்கங்களுக்குரிய நடைத்தாளைப் போன்ற ஓர் எழுத்துக் கோப்பு. அதில் நிறத்தைக் குறிக்கும் ஒரு வரியை மாற்றினால் திரை முழுதும் மாறும். பீடோங்கிலோ சுங்கை பட்டாணியிலோ ஐந்தாம் ஆண்டு பயிலும் மாணவன் ஆசிரியர் துணையோடு அவ்வரியை மாற்றலாம். வெட்டுண்ட ‘ளூ’ முழுமையாகத் தெரியும்வரை வரியின் உயரத்தைக் கூட்டலாம். பிழையான தமிழ்ச் சொல்லைத் திருத்தி அதை ஆக்கியோர்க்கு அனுப்பலாம். அவன் இட்டது ஒரு கோலமே எனினும், விடுதலை தரும் உரிமம் இருப்பதால் அந்த வீட்டின் திறவுகோலும் அவன் கையில் உள்ளது. தமிழ்ப் பள்ளியின் கணினி வகுப்பு கற்பிக்கத் தக்க முதற்பாடம் இதுவே.